தூண்டிலுக்கு உயிர்ப் புழு: எதை எடுப்பது, ஒரு வாரம் சாகாமல் எப்படி வைப்பது?

தக்கைக்காரன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. குளத்திலும் ஆற்றிலும் தக்கை போட்டு கெண்டை, கெளுத்தி, ஜிலேபி பிடிக்க மண்புழுதான் இரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்த்த புழு அடுத்த ஞாயிறு வரை தெம்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

இப்போதைய ஏற்பாடு: 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் நாலைந்து ஓட்டை, பாதி வரை தோட்டத்து மண், மேலே ஈரத்துணி. உள்ளே இரண்டு வகைப் புழு. ஒன்று, மழைக்குப் பிறகு ராத்திரி புல்தரையில் பொறுக்கியது: தடித்த பழுப்புப் புழு, நீட்டினால் ஒரு சாண் வரும். இன்னொன்று, உரத் தொட்டியில் எடுத்தது: ஊதா கலந்த சிவப்பு, பளபளவென்று இருக்கும்.

வெளியே வைத்தால் மூன்றாம் நாளே வாடை. தடித்த புழுவில் பாதி கூழாகி விடுகிறது, ஊதாப் புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் அப்படியே நேர்மாறு: தடித்தது நன்றாக இருக்கிறது, ஊதாப் புழு துவண்டு கிடக்கிறது. எந்த வகையை வைத்துக்கொள்ளலாம்? மண்ணே போதுமா, வேறு ஏதாவது போட வேண்டுமா? ஒரு வாரத்துக்குத் தீனி அவசியமா?

ஈரமண்

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வீட்டுப் புழுக்கள், ஒரே டப்பாவில் ஒத்துப்போகாது.

புல்தரையில் ராத்திரி மேலே வரும் தடித்த புழு ஆழத்தில் வளை தோண்டி வாழ்வது (குளிர் நாடுகளில் நைட் கிராலர் என்று விற்கும் லம்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ் போன்ற வகை). மண்ணுக்கு அடியில் குளிர்ச்சியாகவே இருந்து பழக்கம். 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். 20ஐத் தாண்டி நாள்கணக்கில் வைத்தால் சாகத் தொடங்கும். தொட்டால் வால் பக்கம் தட்டையாக விரிகிறதா என்று பாருங்கள், அது இந்த வகையின் அடையாளம்.

ஊதாப் பளபளப்புள்ளது அநேகமாக ஆப்பிரிக்க உரப்புழு (யூட்ரிலஸ் யூஜினியே). வெப்ப நாட்டுப் புழு, 25 டிகிரியை ஒட்டி நன்றாக வளரும், 12க்குக் கீழே நீடிக்காது. ஃபிரிட்ஜ் அதற்குச் சவக்கிடங்கு. அதே நிறத்தில் நீலம் மின்னி, தொட்டதும் துள்ளித் துள்ளி ஓடினால் அது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். அதற்கும் குளிர் ஆகாது, போதாததற்கு மழை இருட்டினாலே டப்பாவை விட்டுக் கிளம்பிவிடும்.

உரத் தொட்டியில் மூன்றாவதாக ஒன்றும் கிடைக்கும். கருஞ்சிவப்பு உடம்பில் வளையத்துக்கு வளையம் மஞ்சள் கோடு, வால் நுனியும் மஞ்சள். அது ஐசீனியா ஃபெடிடா. 15 முதல் 25 டிகிரி வரை அதற்குப் பிடித்தம், ஆனால் குளிரையும் ஓரளவு வெயிலையும் தாங்கும். ஒரே டப்பாவில், அதிக கவனிப்பில்லாமல் வைக்க இதைவிடத் தோதான புழு கிடையாது.

எனவே முதல் வேலை, இரண்டு டப்பா. தடித்த புழு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஊதாப் புழு வீட்டுக்குள் நிழலான மூலையில். கலந்து வைத்தால் எந்த வெப்பநிலையில் வைத்தாலும் ஒரு தரப்பு சாகும். செத்தது அழுகி மற்ற தரப்பையும் கெடுக்கும். மண்புழு உடம்பில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், காய்ந்த எடையில் பெரும்பங்கு புரதம். அதனால்தான் செத்த சில மணி நேரத்திலேயே கரைந்து அம்மோனியா வாடை கிளம்புகிறது. நாற்றம் வந்த டப்பாவில் கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாகப் பொறுக்குவது வீண் வேலை. எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டி, நகர்வதை மட்டும் புதுப் படுக்கைக்கு (டப்பாவில் புழு கிடக்க நிரப்பும் ஈரப் பொருளுக்கு) மாற்றுங்கள்.

நாங்கூழ்

மண் வேண்டாம். தோட்டத்து மண் டப்பாவுக்குள் இரண்டு நாளில் இறுகிவிடும். அதற்கு மேல் தண்ணீர் தெளித்தால் அடியில் சேறு. புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. தோல் காய்ந்தாலும் சாவு, தேங்கிய தண்ணீரில் காற்று புகாவிட்டாலும் சாவு. ஓடும் தண்ணீரில், காற்று கலந்த தண்ணீரில் புழு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே அதைக் கொல்வது தண்ணீர் அல்ல, காற்றில்லாத தண்ணீர்.

5 லிட்டர் டப்பாவுக்கு இப்படிச் செய்யுங்கள்.

தென்னை நார்த்தூள் கட்டி கால் கிலோ எடுத்து வாளியில் ஊறவையுங்கள், இரண்டு லிட்டருக்கு மேல் உப்பி வரும். துணியில் கொட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி பிழியுங்கள். இரண்டு மூன்று தடவை. நார்த்தூளில் உப்பு இருக்கும், அதை விட்டுவிட்டால் மறுநாள் புழு எல்லாம் மூடியில் ஏறி நிற்கும். பிறகு கருப்பு மை மட்டும் உள்ள செய்தித்தாளை விரலகலக் கீற்றாகக் கிழித்து, நார்த்தூளின் அளவில் பாதி சேர்த்துக் கலக்குங்கள். பளபளப்புத் தாள், வண்ண விளம்பரத் தாள் வேண்டாம். அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போடலாம், அது இறுகாமல் காற்றுக்கு இடம் வைக்கும்.

ஈரம் பார்க்கும் விதம்: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்று இரண்டு சொட்டு வர வேண்டும். தாரையாக ஒழுகினால் அதிகம். ஒன்றுமே வராமல் கையில் உதிர்ந்தால் குறைவு. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்துங்கள்.

ஓட்டை நாலைந்து பத்தாது. மூடியில் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் கொசுவலையைப் பசையால் ஒட்டிவிடுங்கள், தீர்ந்தது வேலை. ஆணியைச் சூடாக்கிக் குத்துவதென்றால் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஓட்டை, பக்கங்களின் மேல் பாதியிலும் சேர்த்து முப்பது நாற்பது. ஓட்டை பெரிதானால் ஊதாப் புழு அதில் நுழைந்து தலையை வெளியே விட்டு அப்படியே காய்ந்து போகும்.

எண்ணிக்கை: ஒரு லிட்டர் படுக்கைக்கு தடித்த புழு 20, 25க்கு மேல் வேண்டாம். சின்ன உரப்புழு என்றால் நூறு வரை தாங்கும். போட்டதும் ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் மூடாமல் வையுங்கள். நல்ல புழு எல்லாம் தானாகக் கீழே இறங்கிவிடும். மேலேயே கிடப்பது அடிபட்டது அல்லது சாகப்போவது, அதை அன்றைக்கே தூண்டிலில் மாட்டிவிடலாம், டப்பாவில் சேர்க்க வேண்டாம். பாதியாய் வெட்டுப்பட்டதும் அப்படித்தான். இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்பது சும்மா பேச்சு. தலைப்பக்கம் பிழைத்தால் உண்டு, வால் துண்டு டப்பாவுக்குள் அழுகத்தான் செய்யும்.

ராத்தூண்டில்

தீனி பற்றி: ஒரு வாரத்துக்கு ஒன்றுமே போட வேண்டாம். தாளும் அட்டையுமே தின்னக் கிடக்கிறது. இந்த மாதிரி டப்பாக்களில் பட்டினியால் சாகும் புழுவைவிட, போட்ட தீனி புளித்துச் சாகும் புழுதான் அதிகம்.

இரண்டு வாரத்துக்கு மேல் என்றால்தான் தீனிக் கணக்கு. அப்போதும் 100 சின்னப் புழுவுக்கு வாரம் இரு முறை ஒரு தேக்கரண்டி. வாழைப்பழத் தோல், பூசணி, கீரைக் காம்பு, எதுவானாலும் பொடியாக நறுக்கி, ஒரே மூலையில் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து வையுங்கள். அடுத்த முறை அந்த மூலையைத் திறந்து பாருங்கள், முடிந்திருந்தால் மட்டும் மறுபடி. எலுமிச்சை, வெங்காயம், உப்பு போட்டுச் சமைத்தது, எண்ணெய்ப் பொருள், இறைச்சி கூடவே கூடாது.

ஈரமண்

ராத்தூண்டில் சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சாணம் போடுவதானால் மட்கிய சாணம்தான். புதுச் சாணம் சூடாகும், அம்மோனியா விடும், 5 லிட்டர் டப்பாவில் புழுவுக்கு ஒதுங்க இடமே இருக்காது. பூச்சிமருந்து அடித்த வயல் மண்ணும் அப்படித்தான், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது.

முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக இடித்து, மாதம் ஒரு தேக்கரண்டி தூவினால் புளிப்பு ஏறாது. சுண்ணாம்புத் தூள் கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், நீற்றிய சுண்ணாம்பு தோலை அரித்துவிடும்.

தக்கைக்காரன்

நன்றி. இரண்டு டப்பாவாகப் பிரித்தாயிற்று. இன்னும் மூன்று சந்தேகம்.

உரத் தொட்டிப் புழு சிலவற்றில் உடம்பு மணிமணியாக, பாசிமாலை கோத்த மாதிரி முடிச்சு விழுந்திருக்கிறது. இது நோயா? மற்றவற்றுக்குப் பரவுமா?

டப்பாவுக்குள் எறும்பு வருகிறது. மருந்து போடாமல் என்ன செய்யலாம்?

கரையில் முள்ளில் கோத்ததும் புழு வெடித்து மண் பிதுங்கி, தோல் மட்டும் தொங்குகிறது. ஜிலேபி அதையும் உருவிக்கொண்டு போய்விடுகிறது. புழுவைத் தேர்ந்தெடுப்பதிலேயே கோளாறா?

நாங்கூழ்

பரவாது. அது தீனிக் கோளாறு. அரிசி, மாவு, தவிடு, பருப்பு, கோழித்தீவனம் இந்த மாதிரி ஏதோ தொட்டியில் அதிகமாக விழுந்திருக்கும். புரதம் மிகுந்த தீனி புழுவின் குடலுக்குள்ளேயே புளித்து வாயு கட்டும், உடம்பு அங்கங்கே உப்பி இடையில் இறுகிப் பாசிமாலை போல ஆகும், கடைசியில் கிழியும். அப்படி ஆன புழு பிழைப்பது அரிது, எடுத்துவிடுங்கள். தொட்டியில் அந்தத் தீனி கிடக்கும் இடத்தை அள்ளி எறிந்துவிட்டு, கிழித்த அட்டையை நிறையக் கலந்து கிளறி விடுங்கள். ஒரு வாரம் தீனி நிறுத்தம்.

எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் மேல் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். டப்பாவை ஒரு செங்கல் மேல் வைத்து, செங்கலை அகலத் தட்டில் வைத்துத் தட்டில் இரண்டு விரல் தண்ணீர். டப்பா சுவரில் உரசக் கூடாது, ஒரு துணி நுனி தொங்கினாலும் எறும்புக்கு அதுவே பாலம். தண்ணீரில் ஓரிரு சொட்டு சோப்பு விட்டால் எறும்பு மிதந்து கடக்க முடியாது. சாக்பீஸ், பொடி வகையறா எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

வெள்ளையாய் ஊசிமுனை அளவில் பூச்சி மொய்த்தால் அது அநேகமாக மைட் எனப்படும் சிற்றுண்ணி, ஈரமும் தீனியும் அதிகமானதன் அடையாளம். ஒரு தர்பூசணித் தோலை மேலே கவிழ்த்து வைத்து, மொய்த்ததும் அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம்.

முள்முனை

மூன்றாவதற்கு நான். கோளாறு புழுவில் பாதி, கோக்கிற விதத்தில் பாதி.

மண்ணிலிருந்து எடுத்த அன்றே மாட்டினால் அப்படித்தான் வெடிக்கும். குடல் முழுக்க மண், தோல் மெலிசு. போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தேவையான அளவு புழுவை மட்டும் தனியே எடுத்து, கழுவிப் பிழிந்த பாசியில் போடுங்கள். ஆர்க்கிட் செடிக்குப் போடுகிறார்களே, அந்த ஸ்பாக்னம் பாசிதான். கிடைக்காவிட்டால் கீற்றாகக் கிழித்த ஈரச் செய்தித்தாள் போதும். ஒரு லிட்டர் டப்பாவில் 15, 20 புழு. தினமும் காலையில் கீழே சேர்ந்த கழிவையும் துவண்ட புழுவையும் எடுத்துவிட்டு, பாசியைத் திருப்பிப் போட வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் வயிற்றில் கருப்புக் கோடாகத் தெரிந்த மண் போய், உடம்பு சிவந்து, தோல் தடித்து, முள்ளில் பிடித்தால் சுருண்டு முறுக்கும். அந்த முறுக்கல்தான் மீனைக் கூப்பிடுவது. ஒரு வாரத்துக்கு மேல் பாசியில் விடாதீர்கள், தீனி இல்லாமல் இளைத்துவிடும்.

நல்ல புழுவா என்று பார்க்க வாலைத் தொட்டாலே போதும். வெடுக்கென்று சுருங்க வேண்டும். மெதுவாக நெளிந்தாலோ, கழுத்துப் பக்கப் பட்டை வீங்கி நிறம் மங்கியிருந்தாலோ வேண்டாம்.

இனி முள். 5 முதல் 7 சென்டிமீட்டர் புழுவுக்கு 10 அல்லது 8 நம்பர். 10, 12 சென்டிமீட்டருக்கு 6 அல்லது 4. முழு தடித்த புழுவுக்கு 2 அல்லது 1. நம்பர் குறையக் குறைய முள் பெரிது என்பது தெரிந்திருக்கும். கம்பி மெலிசான முள்ளாக எடுங்கள், தடித்த கம்பி புழுவை இரண்டாகப் பிளக்கும்.

ஜிலேபிக்கு முழுப் புழுவே கூடாது. அது வாய்க்குள் வாங்காமல் ஓரத்தைக் கடித்து இழுக்கிற மீன், தொங்குகிற வால்தான் அதற்குத் தோது. ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் துண்டு, முள்ளின் வளைவை மட்டும் மூடும்படி கோத்து, நுனி லேசாக வெளியே தெரிய விடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து சாறு கசிவது உங்களுக்குத்தான் ஆதாயம்.

கெண்டைக்கு, தலையிலிருந்து கோத்து ஏற்றி, வால் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் ஆட விடலாம். கெளுத்தி மோப்பத்திலும் மீசையிலும் இரை தேடுகிற மீன். அதற்கு இரண்டு மூன்று புழுவை ஒரே முள்ளில் கொத்தாக, ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டு இடத்தில் குத்தி, நுனிகள் எல்லாம் தொங்கும்படி. விராலுக்கு அசைவுதான் முக்கியம். பெரிய புழுவைப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரே குத்து, முழு உடம்பும் ஆட வேண்டும்.

வழுக்கினால் விரலில் காய்ந்த மண்ணைத் தொட்டுக்கொள்ளுங்கள். மணல் வேண்டாம், தோலைக் கீறிவிடும்.

ராத்தூண்டில்

மஞ்சள் கோட்டுப் புழு (ஐசீனியா) பற்றி ஒரு எச்சரிக்கை. குத்தினால் மஞ்சள் நீர் விடும், நாற்றம் பிடித்தது. மீன் தொடாது என்று ஒரு கட்சி, அதெல்லாம் இல்லை என்று ஒரு கட்சி. என் கணிப்பு: பசியோடிருக்கிற கெண்டைக்கும் கெளுத்திக்கும் கவலையில்லை. தெளிந்த தண்ணீரில் சந்தேகப்பட்டுத் தின்கிற மீன் சிலசமயம் துப்பும். பாசியில் இரண்டு நாள் போட்டு, கோக்குமுன் தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாற்றமே வேண்டாம் என்றால் ஊதாப் புழுவை வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கைக்காரன்

முள்முனை அண்ணா, துண்டு போட்டு மாட்டும் விஷயம் புரிந்தது. கடைசியாக: மழை இல்லாத நாளில் தடித்த புழுவை எப்படி மேலே கொண்டுவருவது? கரையில் வெயிலில் எப்படி வைப்பது?

ஈரமண்

சாயங்காலம் ஒரு சதுர மீட்டர் புல்தரையை நன்றாக நனைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து மெதுவாக நடந்து போய்த் தூக்குங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும், சிவப்பு அவ்வளவாக உறைக்காது. வால் வளைக்குள் இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் அறுந்து வரும். உடம்பில் உள்ள சிறு முட்களால் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும். வளையை ஒட்டிப் பிடித்து, சும்மா பிடித்தபடியே இருங்கள், சில நொடியில் பிடி தளரும், அப்போது உருவுங்கள்.

கடுகுத் தண்ணீரும் பலிக்கும். லிட்டருக்கு 10 கிராம் கடுகுப் பொடி கலந்து ஊற்றினால் சில நிமிடத்தில் மேலே வரும். வந்ததும் உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், தாமதித்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மண்ணில் கட்டையை அடித்து அதன் தலையை இரும்புப் பட்டையால் தேய்த்து அதிர்வு கொடுத்தே புழுவை வரவழைக்கிறவர்கள் உண்டு. அந்த அதிர்வு, மண்ணுக்கடியில் புழுவைத் தின்ன வருகிற மோல் என்ற பிராணி தோண்டும் அதிர்வைப் போலவே இருப்பதால்தான் புழு மேலே ஓடி வருகிறது என்று 2008இல் அமெரிக்க உயிரியலாளர் கென்னத் கட்டானியா ஆய்வு செய்து காட்டினார். நிலத்துக்கு நிலம், புழுவுக்குப் புழு இது மாறும்.

மின்கம்பியை மண்ணில் செருகிப் புழு எடுக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஈர மண், வெறுங்கால், வீட்டு மின்சாரம். புழுவுக்கு முன் ஆள் போய்விடுவான்.

முள்முனை

கரைக்கு மொத்த டப்பாவையும் தூக்கிப் போகாதீர்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்ன டப்பாவில், ஈரப் பாசியோடு. அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, தண்ணீர் உறைந்த அரை லிட்டர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில். ஐஸ் நேரே படக் கூடாது, உருகிய தண்ணீர் டப்பாவுக்குள் இறங்கக் கூடாது. ஊதாப் புழுவுக்கு ஐஸே வேண்டாம், ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால் போதும். மூடிய காரில் அரை மணி நேரம் விட்டாலும் அவ்வளவுதான், வெந்துவிடும்.

கடல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சேற்றில் தோண்டி எடுக்கும் பல கால் புழுவுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. நல்ல தண்ணீர் பட்டாலே செத்துவிடும். கடல்நீரில் லேசாக நனைத்த செய்தித்தாளில், ஒன்றையொன்று கடிக்காதபடி சிலவாகப் பிரித்துச் சுற்றி, குளிரில் வைக்க வேண்டும்.

நாங்கூழ்

மிஞ்சிய புழுவைக் கரையில் கொட்டிவிட்டு வராதீர்கள். வெளியூர், வெளிநாட்டுப் புழு என்றால் ஊன்றிவிடும். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இல்லாமல் இருந்தது. குடியேறியவர்கள் கொண்டுவந்த புழுவும், தூண்டில்காரர்கள் கொட்டிய புழுவும் பரவி, தரையில் மெத்தை போலக் கிடந்த இலைச் சருகைத் தின்று தீர்த்து, அதில் முளைக்கும் செடிகளையே குறைத்துவிட்டன. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து பெரிய டப்பாவில் சேர்ப்பதுதான் உங்களுக்கும் லாபம். ஆனால் வெயிலில் வாடியது, முள் பட்டது எதையும் அதில் போடாதீர்கள்.

அப்புறம், வாரா வாரம் போகிறவர் நீங்கள். உரப்புழுவில் ஒரு ஐம்பதைத் தொடாமல் 20 லிட்டர் தொட்டியில் விட்டு வையுங்கள். முட்டைக்கூடு பொரிய ஏறக்குறைய மூன்று வாரம், குஞ்சு வளர்ந்து கழுத்துப் பக்கம் பட்டை விழ (அதாவது முதிர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர) இன்னும் ஆறு முதல் எட்டு வாரம். மூன்று மாதத்துக்குப் பிறகு அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கலாம். தடித்த புழுவை டப்பாவில் பெருக்க முயல வேண்டாம், வளர மாதக்கணக்கில் ஆகும், இடமும் ஆழமும் நிறையக் கேட்கும்.

தக்கைக்காரன்

தொட்டியை மொட்டைமாடியில் வைக்கலாமா, வீட்டுக்குள்ளா?

நாங்கூழ்

மாடியில் வேண்டாம், தளம் சூடேறினால் அடிப்படுக்கை முதலில் வேகும். வீட்டுக்குள், கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தரையில். முதல் மூன்று ராத்திரி மேலே ஒரு சின்ன விளக்கு எரியட்டும், புது இடத்துப் புழு அப்போதுதான் ஓடாமல் தங்கும்.